எக்ஸ்ரேல எலும்பு கூடிடுச்சே, அப்புறம் என்ன வலி?

(நீளமான இழை. கை, கால் எலும்பு முறிஞ்சு கட்டுப் போட்டவங்க வீட்டில் இருந்தா முழுசா படிங்க.)

தலைப்பில் இருக்கிற கேள்வியை நானே கேட்டிருக்கேன். இவ்வளவு பச்சையா இல்லை. "எலும்பு நல்லா கூடியிருக்கும்மா, பயப்படாதீங்க, போகப் போக சரியாகிடும்" என்று மரியாதையா. ஆனா அர்த்தம் ஒண்ணுதான்: படம் நல்லா இருக்கு, அதனால உங்க வலி பொய்.

ஐம்பது வயசை நெருங்குற ஒரு அம்மா. பூ கட்டுறவங்க. அடையாளம் தெரியாம இருக்க சில விவரங்களை மாத்தியிருக்கேன். ஈரத் தரையில் வழுக்கி இடது கையை ஊன்றி விழுந்ததில் மணிக்கட்டு எலும்பு முறிவு. ஆறு வாரம் மாவுக்கட்டு. கட்டுப் பிரிச்சு மூணு வாரம் கழிச்சு என் ஓபிக்கு வந்தாங்க.

"சார், கை எரியுது. மிளகாய் அரைச்ச கை மாதிரி. முந்தானை பட்டாக்கூட உயிர் போகுது."

கை வீங்கியிருந்தது. தோல் பளபளன்னு இருந்தது. நான் எக்ஸ்ரேயைத் தூக்கிப் பார்த்தேன், எலும்பு கூடியிருந்தது. கால்சியம் மாத்திரை, ஒரு டைக்ளோஃபெனாக் ஊசி, பி காம்ப்ளெக்ஸ். அடுத்த ஆளைக் கூப்பிட்டாச்சு. அன்னைக்கு ஓபியில் கூட்டம்தான், மறுக்கல. ஆனா அந்தக் கையை நான் தொட்டுப் பார்க்கவே இல்லை. அந்தக் கையையும் நல்ல கையையும் பக்கத்தில் வெச்சு ஒப்பிட பத்து விநாடி போதும். அதை நான் செய்யல.

ரெண்டு மாசம் கழிச்சு மறுபடி வந்தப்போ விரல்கள் பாதி மடங்கி அப்படியே விறைச்சு நின்னுட்டுச்சு. கூட வந்த மகன் சொன்னான், "வேலை செய்ய சோம்பேறித்தனம் சார், நடிக்குது." எங்க எலும்புப் பிரிவு சீனியர் எட்டிப் பார்த்துட்டு புது எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார். மணிக்கட்டு, உள்ளங்கை எலும்புகள், விரல் மூட்டு ஓரங்கள் எல்லாம் அந்துப்பூச்சி அரிச்ச துணி மாதிரி திட்டுத் திட்டா வெளுத்துக் கிடந்தது. மூணு மாசத்துக்கு முன்னாடி எடுத்த படத்தில் இல்லாதது.

முறிஞ்ச இடம் கூடிடுச்சு. முறியாத எலும்புகள் கரைஞ்சிருந்தது.

இந்த நோய்க்குப் பேர் காம்ப்ளெக்ஸ் ரீஜினல் பெயின் சின்ட்ரோம். சுருக்கமா சி.ஆர்.பி.எஸ். அடிபட்ட பிறகோ, ஆபரேஷனுக்குப் பிறகோ, சில சமயம் ஒரு சாதாரண சுளுக்குக்குப் பிறகோ, ஒரு கை அல்லது ஒரு காலில் மட்டும் நரம்புகள் அபாய மணியை அடிக்க ஆரம்பிச்சு நிறுத்த மாட்டேங்குது. காயம் ஆறின பிறகும் மணி அடிச்சுக்கிட்டே இருக்கும். வலி, எரிச்சல், வீக்கம், ஒரு நேரம் சூடு ஒரு நேரம் ஜில்லு, தோல் நிறமாற்றம், அந்தக் கையில் மட்டும் வியர்வை, முடியும் நகமும் மாறி வளர்றது, அசைக்க முடியாமை. கூடவே எலும்பு மெலிவு.

இது ஏதோ புது வியாதி, வெளிநாட்டு வியாதின்னு நினைக்காதீங்க. அமெரிக்க உள்நாட்டுப் போரில் துப்பாக்கிக் குண்டு பட்டு நரம்பு அறுந்த சிப்பாய்களை சைலஸ் வீர் மிட்செல் என்ற மருத்துவர் பார்த்தார். குண்டுக் காயம் ஆறிடுச்சு, ஆனா கை எரியுதுன்னு கதறுறாங்க, நாள் முழுக்க ஈரத்துணி சுத்தி வெச்சிருக்காங்க. 1864-ல் ரெண்டு சக மருத்துவர்களோடு சேர்ந்து அதைப் புத்தகமாகவே எழுதினார். 'காசால்ஜியா' என்று பிறகு பேர் வெச்சதும் அவர்தான். எரியும் வலி என்று அர்த்தம். அந்தச் சிப்பாய்களையும் நடிப்புன்னு சொல்ல ஆள் இருந்திருக்கும், சந்தேகமே வேண்டாம்.

எலும்புக் கதை இன்னும் சுவாரசியம். ரான்ட்ஜென் எக்ஸ்ரேயைக் கண்டுபிடிச்சது 1895. அஞ்சே வருஷத்தில், 1900-ல், ஜெர்மனி ஹாம்பர்க்கில் பால் சூடெக் என்ற அறுவை மருத்துவர் இந்த மாதிரிக் கைகளைப் படம் எடுத்து, எலும்பு திட்டுத் திட்டா மெலியுதுன்னு காட்டிட்டார். ரொம்ப காலம் இதுக்குப் பேரே 'சூடெக் அட்ரபி'. அதுக்கப்புறம் பேர் மட்டும் பல தடவை மாறுச்சு. இப்போ இருக்கிற பேர் 1994-ல் சர்வதேச வலி ஆய்வுக் கழகம் முடிவு பண்ணது. நரம்புக்குத் தெளிவா காயம் இல்லைன்னா முதல் வகை, இருந்தா ரெண்டாம் வகை.

ஆக, வலியும் எலும்பும் சேர்ந்து வரும்னு தெரிஞ்சு நூறு வருஷத்துக்கு மேல ஆச்சு. இன்னமும் ஒரு பூக்காரம்மாவை நாம மூணு மாசம் அலைய விடுறோம். நாமன்னா நானும்தான்.

எலும்பு ஏன் கரையுது?

எலும்பு கல் இல்லைங்க. அதுக்குள்ள தினமும் கட்டட வேலை நடக்குது. பழசை இடிக்கிற செல்கள் ஒரு பக்கம், புதுசா கட்டுற செல்கள் இன்னொரு பக்கம். ரெண்டும் சமமா ஓடினா எலும்பு உறுதி. இடிக்கிறவன் ஓவர் டைம் பார்த்து, கட்டுறவன் லீவ் போட்டா எலும்பு மெலியும்.

இந்த வேலையில் நரம்புக்கும் பங்கு இருக்கு. எலும்பைச் சுத்தி இருக்கிற உறையில் நரம்பு நுனிகள் அடர்த்தியா இருக்கு (அடிபட்டா முழங்கால் முன் எலும்பு ஏன் அப்படி வலிக்குதுன்னு யோசிச்சிருக்கீங்களா, அதான்). எலும்புக்கு உள்ளேயும் நரம்பு போகுது. அளவுக்கு மீறித் தூண்டப்பட்ட வலி நரம்புகள் மூளைக்குச் சேதி அனுப்புறதோட நிக்காது. தன் நுனியிலேயே சப்ஸ்டன்ஸ் பி, சி.ஜி.ஆர்.பி. மாதிரி வேதிப்பொருட்களைக் கக்கும். ரத்தக்குழாய் விரியும், நீர் கசியும், வீங்கும், சூடாகும். சுத்துவட்டாரத்தில் அழற்சி. அந்த அழற்சி, எலும்பை இடிக்கிற செல்களை உசுப்பி விடுது. ஆரம்ப மாசங்களில் எலும்பு ஸ்கேன் எடுத்தா மூட்டு ஓரமெல்லாம் பளிச்சுன்னு தெரியுறது இதனாலதான். அங்கே எலும்பு தூங்கல, தாறுமாறா வேலை நடக்குது.

அடுத்தது, அசையாம இருக்கிறது. எலும்பு தனக்கு மேல விழுற சுமைக்குத் தக்கபடி தன்னைக் கட்டிக்கும். 1892-லேயே ஜூலியஸ் வுல்ஃப் எழுதி வெச்சது. டென்னிஸ் ஆடுறவங்களுக்கு ஆடுற கை எலும்பு தடிமனா இருக்கும். விண்வெளியில் எடையே இல்லாம மிதக்கிறவங்களுக்கு இடுப்பெலும்பு அடர்த்தி மாசத்துக்குக் கிட்டத்தட்ட 1 சதவீதம் குறையுது. அத்தனை உடற்பயிற்சி பண்ணிப் பழகின, ஆரோக்கியமான ஆட்களுக்கே இந்த நிலை. நாம என்னடான்னா, வலிக்குதுன்னு கையை நெஞ்சோட கட்டித் தொங்கவிட்டு, துண்டு போட்டு மூடி, காத்துகூடப் படாம ரெண்டு மாசம் பாதுகாக்கிறோம்.

நரம்பு மூட்டின தீயில் ஓய்வுங்கிற எண்ணெயை ஊத்தின மாதிரி. வலி, அதனால அசைக்கல, அசைக்காததால எலும்பும் தசையும் மெலியுது, மூட்டு இறுகுது, அதனால இன்னும் வலி. இந்தச் சக்கரத்தை எங்கேயாவது உடைக்கணும்.

இப்போ சண்டைக்கு வர்றேன்.

முதல் சண்டை "அசைக்காதே" கூட்டத்தோட. இதில் பாட்டி, பெரியம்மா, பக்கத்து வீட்டுக்காரர், கட்டு வைத்தியர், சில டாக்டர்கள் எல்லாரும் அடக்கம். முறிஞ்ச எலும்பை அசைக்கக் கூடாது, சரி. அதுக்குத்தான் மாவுக்கட்டு. மணிக்கட்டு முறிஞ்சா விரலை ஏன் அசைக்கக் கூடாது? முழங்கையை? தோளை? மாவுக்கட்டு போட்ட அன்னைக்கே விரல்களை முழுசா மடக்கி நீட்டணும், தோளைச் சுத்தணும், மணிக்கு ஒரு தடவையாவது. கையை நெஞ்சு மட்டத்துக்கு மேல தூக்கி வெச்சுக்கணும். இதைச் சொல்ல ஒரு டாக்டருக்கு ஆகுற நேரம் 15 விநாடி. கட்டு ரூமில் இதைச் சொல்லாம அனுப்புற ஒவ்வொரு நோயாளிக்கும் நாம பாக்கி வெச்சிருக்கோம். கூட்டம், ஆள் பத்தாக்குறை எல்லாம் நிஜம். ஆனா 15 விநாடி இல்லைன்னு சொன்னா நான் நம்ப மாட்டேன். சீட்டைக் கிழிச்சுக் கொடுக்கிற நேரத்தில் சொல்லிடலாம்.

நாட்டுக்கட்டு பத்தி ஒரு வார்த்தை. மூங்கில் பத்தை வெச்சு முட்டை, துணி சுத்தி இறுக்கிக் கட்டி, வாரத்துக்கு ஒரு தடவை பிரிச்சு உருவி உருவி மறுபடி கட்டுறது. வீங்கின கையில் இறுக்கமான கட்டும், வலிக்கிற கையை முரட்டுத்தனமா உருவுறதும் இந்த நோய்க்கு விருந்து வைக்கிற மாதிரி. ஆனா இறுக்கமான கட்டு எங்க ஆஸ்பத்திரி மாவுக்கட்டிலும் நடக்கும், மத்தவங்களை மட்டும் திட்டிட்டுப் போக எனக்கு யோக்கியதை இல்லை. கட்டுப் போட்ட பிறகு வலி ஏறிக்கிட்டே போனா, விரல் மரத்தா, நீலமானா, விரலை நீட்டினா தாங்க முடியலைன்னா அன்னைக்கு ராத்திரியே ஆஸ்பத்திரிக்கு வாங்க. காலையில் பார்த்துக்கலாம்னு இருக்காதீங்க. அது வேற ஆபத்து, கையே போயிடும்.

ரெண்டாவது சண்டை "தேய்மானம்" என்ற வார்த்தையோட. தமிழ்நாட்டில் கழுத்து வலிச்சா தேய்மானம், முட்டி வலிச்சா தேய்மானம், எலும்பு மெலிஞ்சா தேய்மானம், ஒண்ணும் புரியலைன்னாலும் தேய்மானம். மூட்டுக் குருத்தெலும்பு தேயறது வேற. வயசாகி உடம்பு முழுக்க எலும்பு அடர்த்தி குறையற எலும்புப்புரை வேற. ஒரே ஒரு கையில், மூணே மாசத்தில், வலிக்கிற இடத்தைச் சுத்தி எலும்பு கரையறது முற்றிலும் வேற. மூணுக்கும் ஒரே பேர் வெச்சா மூணுக்கும் ஒரே மாத்திரை வரும். வருது. கால்சியம்.

கால்சியமும் வைட்டமின் டி-யும் குறைவா இருந்தா கொடுக்கணும், தப்பில்லை. ஆனா இங்கே பிரச்சினை செங்கல் தட்டுப்பாடு இல்லைங்க. இடிக்கிற ஆட்களை யாரோ உசுப்பி விட்டிருக்காங்க, லாரி லாரியா செங்கல் இறக்கி என்ன பண்றது? 'நரம்பு சத்து ஊசி'க்கும் இதே பதில். பி12 குறைபாடு இருக்கிறவங்களுக்கு அது உயிர் காக்கும் மருந்து. சி.ஆர்.பி.எஸ்-க்கு அது மருந்து இல்லை.

அப்புறம் அந்த இலவச எலும்பு அடர்த்தி முகாம். குதிகாலை ஒரு மெஷினில் வெச்சு, ஒரு நம்பர் சொல்லி, ஒரு டப்பா கால்சியத்தோட அனுப்புவாங்க. கையில் இருக்கிற எலும்புக் கரைவு குதிகாலில் எப்படித் தெரியும்? பெரிய ஆஸ்பத்திரியில் எடுக்கிற டெக்ஸா ஸ்கேன்கூட பொதுவா இடுப்பையும் முதுகெலும்பையும்தான் பார்க்கும். "உங்க எலும்பு ஸ்ட்ராங்" என்று அட்டை கொடுத்துட்டாங்கன்னு கை வலியை மறந்துடாதீங்க.

சாதாரண எக்ஸ்ரேயும் லேசில் காட்டிக் கொடுக்காது. எலும்பில் இருக்கிற தாது மூணில் ஒரு பங்கு அளவுக்குக் குறைஞ்சாத்தான் கண்ணுக்கு வெளுப்பு தெரியும். ஆரம்ப வாரங்களில் படம் சுத்தமா நார்மலா இருக்கலாம். அதனால எக்ஸ்ரேயில் தெரியலைன்னா நோய் இல்லைங்கிறது தப்பு. இதைக் கண்டுபிடிக்கிறது படம் பார்த்து இல்லை, ஆளைப் பார்த்து. புடாபெஸ்ட் அளவுகோல்னு ஒண்ணு இருக்கு. அடிபட்ட அளவுக்குப் பொருந்தாத தொடர் வலி இருக்கணும். உணர்ச்சி, சூடும் நிறமும், வியர்வையும் வீக்கமும், அசைவும் தோல்-முடி-நகமும் என நாலு பிரிவு. மூணு பிரிவிலாவது நோயாளி குறை சொல்லணும், ரெண்டு பிரிவிலாவது டாக்டர் கண்ணால் பார்க்கணும், கிருமித் தொற்று, ரத்தக்கட்டி மாதிரி வேற காரணம் இருக்கக் கூடாது. இதுக்கு வேண்டியது ரெண்டு கண்ணு, ஒரு கை, கொஞ்சம் பஞ்சு. எந்த ஆரம்ப சுகாதார நிலையத்திலும் இருக்கு.

மூணாவது சண்டை "நடிக்குது" கூட்டத்தோட. இதில்தான் எனக்குக் கோவம் அதிகம்.

இந்த நோய் ஆண்களைவிடப் பெண்களுக்கு மூணு நாலு மடங்கு அதிகம். பெரும்பாலும் கையில். வலிக்குதுன்னு ஒரு பெண் சொன்னா நம்ம ஊரில் முதல் பதில் என்ன? "வேலைக்குப் பயந்துட்டு." ரெண்டாவது, "மனசு சரியில்ல." சில டாக்டர்கள் இதையே இங்கிலீஷில் சீட்டில் எழுதுவாங்க. இதுக்குன்னு தனி மனநிலை, தனி குணம் ஏதாவது காரணமான்னு தேடிப் பார்த்த ஆய்வுகளில் அப்படி ஒண்ணும் உறுதியாகல. மாசக்கணக்கா தூங்காம வலியில் இருக்கிற யாருக்கும் மனசு உடையும். உடைஞ்ச மனசு வலியை இன்னும் கூட்டும், அதுக்கும் சேர்த்து வைத்தியம் பண்ணணும். அது வலியை மறுக்கிற காரணம் ஆகாது. எலும்பு கரைஞ்சு நிக்குதுங்க அந்தப் படத்தில். எந்த நடிகையால் தன் எலும்பைக் கரைச்சுக் காட்ட முடியும்?

அந்த மகன்கிட்ட நான் ரெண்டு எக்ஸ்ரேயையும் லைட்டில் மாட்டிக் காட்டினேன். ஒண்ணும் பேசல. அம்மாவோட பையை வாங்கித் தோளில் போட்டுக்கிட்டான்.

எவ்வளவு பேருக்கு இருக்கும்? நெதர்லாந்தில் எடுத்த கணக்கில் வருஷத்துக்கு லட்சத்தில் 26 பேர். அமெரிக்காவில் ஒரு மாவட்டக் கணக்கில் லட்சத்தில் 5 பேர் சொச்சம். 2011 மக்கள்தொகைக் கணக்குப்படி தமிழ்நாட்டில் 7.2 கோடிப் பேர். அந்த ரெண்டு விகிதத்தையும் சும்மா பெருக்கிப் பாருங்க: வருஷத்துக்குச் சுமார் 4,000 முதல் 19,000 புது ஆட்கள். இது வெறும் பெருக்கல்தான், நம்ம ஊர் ஆய்வு இல்லை. ஆனா கீழ் எண்ணையே எடுத்துக்கிட்டாலும், இந்த ஆயிரக்கணக்கான பேர் எந்த ஓபி வாசலில் நிக்கிறாங்க? என் அனுபவத்தில், "சரியாகிடும்மா" கேட்டுட்டுத் திரும்பிப் போற வாசலில்.

சரி, வைத்தியம் இருக்கா? இருக்கு. சீக்கிரம் ஆரம்பிச்சா நல்லா வேலை செய்யுது. நாள் ஆக ஆகக் கஷ்டம்.

அடிப்படை பிசியோதெரபிதான், மத்ததெல்லாம் அதுக்குத் துணை. வலி நிவாரணி எதுக்கு? வலி குறைஞ்ச நேரத்தில் கையை அசைக்க. நரம்பு வலிக்கான அமிட்ரிப்டிலின், கபாபென்டின் மாதிரி மாத்திரைகள், ஆரம்ப கட்டத்தில் குறுகிய காலத்துக்கு ஸ்டீராய்டு. பக்கவாதத்துக்குப் பிறகு கையில் இந்த நோய் வந்தவங்களுக்கு பிரெட்னிசோலோன் கொடுத்து லக்னோவில் ஆய்வு பண்ணி 2006-ல் வெளியிட்டாங்க. சாதாரண வலி மாத்திரை வாங்கின குழுவைவிட அவங்க நல்லாவே தேறினாங்க. (பக்கவாதம் வந்தவரைத் தூக்கும்போது செயல்படாத கையைப் பிடிச்சு இழுக்காதீங்க. தோளில் இந்த நோயை நாமே விதைக்கிற வழி அது.) எலும்புப்புரைக்குத் தர்ற பிஸ்பாஸ்போனேட் குடும்ப மருந்துகள் எலும்பை இடிக்கிற செல்களை அடக்கும். அது இந்த நோயில் வலியையும் குறைக்குதுன்னு சில சிறிய ஆய்வுகள் காட்டுது. இத்தாலியில் அந்தக் குடும்பத்தில் நெரிட்ரோனேட் என்ற மருந்துக்கு இதுக்குன்னே அனுமதி இருக்கு. ஆனா கிட்னி, பல், தாடை எல்லாம் பார்த்துத்தான் கொடுக்கணும். மெடிக்கல் ஷாப்பில் பேரைச் சொல்லி வாங்கிப் போடுற மருந்து கிடையாது. ஸ்டீராய்டும் அப்படித்தான்.

எனக்கு ரொம்பப் பிடிச்ச வைத்தியம் கண்ணாடி. வி.எஸ்.ராமச்சந்திரன் கேள்விப்பட்டிருப்பீங்க. சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் எம்.பி.பி.எஸ். படிச்சவர், பிறகு அமெரிக்காவில் மூளை ஆராய்ச்சி. வெட்டி எடுத்த கை இன்னமும் வலிக்குதுன்னு சொல்றவங்களுக்கு 1990-களில் ஒரு பெட்டியில் கண்ணாடி வெச்சு வைத்தியம் பண்ணினார். பின்னாடி அது சி.ஆர்.பி.எஸ்-க்கும் வந்தது. செய்முறை சுலபம். மேசை மேல கண்ணாடியைக் குத்துவாக்கில் நிறுத்தணும். வலிக்கிற கை கண்ணாடிக்குப் பின்னாடி மறைஞ்சிருக்கணும். நல்ல கையைக் கண்ணாடிக்கு முன்னாடி மெதுவா மடக்கி நீட்டி, பிம்பத்தையே பார்க்கணும். மூளைக்கு, வலிக்கிற கை வலியில்லாம அசையற மாதிரி தெரியும். ஒரு தடவைக்கு அஞ்சு நிமிஷம், நாளைக்குப் பல தடவை. வலி கூடினா நிறுத்திட்டு, அசைக்கிற மாதிரி மனசில் நினைச்சுப் பார்க்கிறதிலிருந்து ஆரம்பிக்கணும். எல்லாருக்கும் கேட்கும்னு சொல்ல மாட்டேன். ஆரம்பத்தில் வந்தவங்களுக்கு நல்லா கேட்குது. நாங்க வார்டில் வெச்சிருக்கிறது சலூன் கடையில் பின்மண்டை காட்டுற சைஸ் கண்ணாடி, அட்டைப்பெட்டியில் ஒட்டினது.

தொட்டா எரியற தோலை மெல்ல மெல்லப் பழக்கணும். முதலில் பஞ்சு, அப்புறம் மெல்லிய துணி, அப்புறம் துண்டு. ஐஸ் கட்டி வைக்காதீங்க.

"விரல் அசைக்கணும்னா உருவி விடலாமே?" என்று இழை நடுவிலேயே ஒருத்தர் கேட்டுட்டார். வேண்டாம். நோயாளி தானா அசைக்கணும். அடுத்தவர் பிடிச்சு இழுத்து மடக்கினா நரம்பு இன்னும் பயந்துக்கும்.

புளிப்பு பத்தியும் சொல்லிடறேன். எலும்பு முறிஞ்சா புளிப்பு ஆகாது, நெல்லிக்காய், எலுமிச்சை தொடாதேன்னு வீட்டில் சொல்வாங்க. நெதர்லாந்தில் 1999-ல் மணிக்கட்டு முறிஞ்சவங்களுக்கு 50 நாள் தினமும் 500 மில்லிகிராம் வைட்டமின் சி கொடுத்துப் பார்த்ததில் இந்த நோய் குறைவா வந்தது. பின்னாடி வந்த எல்லா ஆய்வும் இதை ஒத்துக்கல, அதனால உத்தரவாதம் தர மாட்டேன். ஆனா கிட்னி கல் தொந்தரவு இல்லாதவங்களுக்கு நஷ்டமும் இல்லை. பத்தியம் என்ற பேரில் புளிப்பை நிறுத்துறதுக்கு மட்டும் எந்த நியாயமும் இல்லை.

நரம்பு வலிக்குப் போடுற மாத்திரையே எலும்பைப் பாதிக்குமான்னும் கேட்கிறாங்க. சிலது பாதிக்கும். முகத்தில் மின்னல் வெட்டுற மாதிரி வர்ற நரம்பு வலிக்குக் கார்பமசெபைன் கொடுப்போம். அது கல்லீரலை வேகப்படுத்தி வைட்டமின் டி-யைச் சீக்கிரம் கரைச்சிடும். வருஷக்கணக்கா சாப்பிடுறவங்க டாக்டர்கிட்ட வைட்டமின் டி பார்க்கச் சொல்லுங்க. பயந்துட்டு மாத்திரையைத் திடீர்னு நிறுத்தாதீங்க. கபாபென்டின், பிரிகாபலின் எலும்பைவிட நடையைத்தான் தள்ளாட வைக்கும். வயசானவங்க ராத்திரி பாத்ரூம் போகும்போது விழுந்து இடுப்பு முறியறது உண்டு. லைட் போட்டுட்டுப் போங்க.

இன்னும் ஒரே ஒரு எச்சரிக்கை. நான் சொன்ன "அசைங்க, பயன்படுத்துங்க" எல்லாம் சி.ஆர்.பி.எஸ்-க்கு. சர்க்கரை நோயாளி காலுக்கு இது தலைகீழ்.

சர்க்கரையால் கால் நரம்பு செத்துப் போனவங்களுக்கு 'சார்கோ பாதம்' வரும். 1868-ல் ஜான் மார்ட்டின் சார்கோ சிஃபிலிஸ் நோயாளிகளிடம் பார்த்து விவரிச்சது. இன்னைக்கு நாம பார்க்கிறது பெரும்பாலும் சர்க்கரை நோயாளிகளிடம். அங்கே நரம்பு கத்தாது, ஊமையாயிடும். கால் சிவந்து, சூடாகி, வீங்கி இருக்கும், ஆனா வலி ரொம்பக் கம்மி. உள்ளே எலும்பு கரைஞ்சு நொறுங்கிட்டிருக்கும். வலிக்கலையேன்னு அவர் அதே காலில் வயலுக்கு நடப்பார், கோயிலைச் சுத்துவார். ரெண்டு மூணு மாசத்தில் பாதம் படகு மாதிரி வளைஞ்சு, அடியில் புண் வந்து, கடைசியில் காலையே எடுக்க வேண்டி வரும். டாக்டர்களும் இதைக் கிருமித் தொற்று, சுளுக்கு, யூரிக் ஆசிட்னு நினைச்சு வாரக்கணக்கில் தவற விடுறோம். சர்க்கரை இருக்கிறவருக்கு ஒரு பாதம் மட்டும் இன்னொண்ணைவிடச் சூடா வீங்கியிருந்தா, வலி இல்லைன்னாலும், அந்தக் காலை ஊனாம அன்னைக்கே வாங்க. அங்கே ஓய்வும் கட்டும்தான் வைத்தியம்.

அந்த அம்மாவுக்கு என்ன ஆச்சுன்னு கேட்பீங்க. மாத்திரை, மூணு வாரம் ஸ்டீராய்டு, வாரம் மூணு நாள் பிசியோ, வீட்டில் கண்ணாடி. நாலாவது மாசம் எரிச்சல் பாதியா குறைஞ்சது. பத்து மாசம் கழிச்சு எடுத்த படத்தில் எலும்பு ஓரளவு நிறைஞ்சிருந்தது. மோதிர விரலும் சுண்டு விரலும் முழுசா மடங்கல, இனி மடங்கும்னு தோணல. மல்லி கட்டுறாங்க. முன்னாடி ஒரு மணி நேரத்தில் கட்டினதுக்கு இப்போ ரெண்டு மணி நேரம் ஆகுதாம். அந்த ஒரு மணி நேர வித்தியாசம், முதல் தடவை வந்தப்போ நான் கையைத் தொட்டுப் பார்க்காததுக்கான விலை. கட்டினது அவங்க.

கட்டுப் பிரிச்ச பிறகும் எரிச்சல் அதிகமாகுது, தொட்டா தாங்கல, வீக்கம் வடியல, நிறமோ சூடோ மாறுதுன்னா ஒரு மாசம் காத்திருக்காதீங்க. எலும்பு மருத்துவர், பிசியோதெரபி பிரிவு, மருத்துவக் கல்லூரி மருத்துவமனை எங்கே பக்கமோ அங்கே போங்க. "இது சி.ஆர்.பி.எஸ்-ஆ இருக்குமா டாக்டர்?" என்று வாய் விட்டுக் கேளுங்க. கோவிச்சுக்கிட்டா கோவிச்சுக்கட்டும்.

சக டாக்டர்கள் யாராவது "எம்.பி.பி.எஸ். நீ எலும்பைப் பத்திப் பேசலாமா" என்று வந்தா, தாராளமா வாங்க. முதல் நாள் அந்த நோயாளி வர்றது என்கிட்டதான், உங்ககிட்ட இல்லை.

கமெண்டில் எக்ஸ்ரே படமும் ஓபி சீட்டும் போடாதீங்க, அதில் பேரும் வயசும் இருக்கு. படத்தை வெச்சு மட்டும் நான் சொல்லவும் முடியாது. நாளைக்கு 24 மணி நேர டியூட்டி, பதில் வர லேட் ஆகும்.